ஒலிப்பெட்டியும் நாதமும்

குறைந்த செலவில் வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்க நினைப்பவர் கடைக்காரரிடம் கேட்பது பெரிய சத்தத்தை அல்ல; பாட்டு பாட்டாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். இந்த எளிய விருப்பத்துக்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டைப் பாட்டாக்குவது எது? கருவியா, கருவியிலிருந்து புறப்படும் ஒலியா, அதைக் கேட்கும் உயிரா? இசை கருவியில்தான் இருக்கிறது என்றால் விலை ஏற ஏற இசையும் ஏற வேண்டும். கேட்பவரிடம் மட்டுமே இருக்கிறது என்றால் எந்தப் பெட்டியும் போதும். இரண்டு முடிவுகளும் அனுபவத்துக்கு ஒத்துவருவதில்லை. சரியான விடைக்கு வேண்டிய சான்றுகளும் சிந்தனையும் தாமிரபரணிக் கரையிலேயே நிறையக் கிடைக்கின்றன.

இசை பொருளிலேயே உறைகிறது என்பதற்குத் திருநெல்வேலியில் கல்லே சாட்சி. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில், நடுவே பருத்த தூணும் அதைச் சூழ மெல்லிய சிறு தூண்களுமாக ஒரே கல்லில் செதுக்கிய தூண்கூட்டங்கள் நிற்கின்றன. சிறு தூணைத் தட்டினால் சுரம் எழும். இவற்றைப் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. கல் ஒலிப்பதன் காரணம் தெளிவானது. இரு முனையும் பிணிக்கப்பட்ட மெல்லிய தூண் தட்டியவுடன் நுண்ணளவில் வளைந்து அதிர்கிறது. நீளம் கூடினால் சுரம் இறங்கும், பருமன் கூடினால் ஏறும். சிற்பி உளியால் சிறிது சிறிதாகப் பருமனைக் குறைத்து, தட்டிப் பார்த்து, வேண்டிய சுரத்தை நோக்கி இறங்கி வந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் ஒரு செதில் போய்விட்டால் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே அந்தத் தூணில் இருப்பது கல்லின் இயல்பு மட்டுமல்ல, எங்கே உளியை நிறுத்துவது என்று அறிந்த ஒரு காதும் அதில் இருக்கிறது. இசை பொருளில் உறைகிறது என்பதற்குக் காட்டும் சிறந்த சான்றிலேயே, கேட்பவர் முதலிலேயே உள்ளே வந்துவிடுகிறார்.

இசைக்கருவியின் சிறப்பு விலையைப் பொறுத்ததல்ல என்பதையும் தமிழ் இசைமரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்யும் பொருள்களை வரிசைப்படுத்தும்போது சந்தனத்தையும் வெண்கலத்தையும் கருங்காலியையும் எண்ணிவிட்டு, உத்தமம் என்று மூங்கிலையே சொல்கிறார். அந்தப் பட்டியலில் மிக எளிதாகக் கிடைப்பது அதுதான்.

ஆனால் இசைக்கருவிக்கும் இசையைத் திரும்பத் தரும் கருவிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அதை மறப்பதால்தான் கடைகளில் பலர் ஏமாறுகிறார்கள். நாகசுரத்துக்குத் தனிக்குரல் வேண்டும். நாள்பட்ட ஆச்சா மரத்தைத் தேடிப் போவது அந்தக் குரலுக்காகத்தான். ஒலிப்பெட்டிக்கோ தனிக்குரல் இருக்கக் கூடாது. கோயில் தூணைத் தட்டினால் சுரம் வர வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியை விரல் முட்டியால் தட்டினால் சுரம் வரக் கூடாது. அடைத்த, மந்தமான ஓசை வந்தால் பெட்டி நல்லது. பலகை கணகணவென்று பாடினால், எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்தப் பலகையின் பாட்டும் கூடவே வரும். இனிமையாக ஒலிக்கும்படி செய்த பெட்டி முதல் பத்து நிமிடம் மயக்கும். பிறகு வீணையும் வயலினும் ஒரே சாயலில் கேட்கத் தொடங்கும்போது குற்றம் வெளிப்படும்.

அப்படியானால் ஒலிப்பெட்டியின் கடமை மூல ஒலியை அப்படியே தருவதா? அப்படியே என்பது இயலுமா என்ற கேள்விக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் வழியாகவே விடை தேடலாம். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவர். அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைத் தமிழில் தந்தவரும் அவரே. தருக்க நூலாரின் கொள்கையில் ஒலி ஆகாயத்தின் குணம். அது தோன்றிய கணத்தை அடுத்தே அழிந்துவிடும். அழியுமுன் தன்னைப் போன்ற இன்னொரு ஒலியைப் பிறப்பிக்கும், அது மற்றொன்றை. நீரில் அலை அலையைப் பிறப்பிப்பதாக ஒரு சாராரும், கடம்ப மொட்டு எல்லாப் பக்கமும் ஒருசேர விரிவதாக இன்னொரு சாராரும் இதை விளக்கினர். இதன்படி, கச்சேரியில் முதல் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பாடகரின் தொண்டையில் தோன்றிய ஒலி எட்டுவதில்லை. அவர் செவியில் தோன்றுவது அந்தத் தொடரின் கடைசிப் பிறப்பு. மீமாம்சகர் இதை மறுத்து, எழுத்தொலி என்றும் உள்ளது, காற்று அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது என்றனர். இரண்டில் எதை ஏற்றாலும் விளைவு ஒன்றே. மூல ஒலி, நகல் ஒலி என்று ஆடியோ விளம்பரங்கள் எழுப்பும் சுவர் அவ்வளவு உறுதியானதல்ல. ஒலிப்பெட்டி தொடரில் சேரும் இன்னொரு கண்ணி. கண்ணிகளுக்கு இடையே உறவு கெடாமல் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி வைக்கிறது. வாக்கு நான்கு நிலைகளில் விரிகிறது: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. பிறர் செவிக்குக் கேட்பது வைகரி மட்டுமே. உதானனும் பிராணனும் இயங்க, நாவும் இதழும் தொழில்பட்டு அது பிறக்கிறது. ஒலிப்பெட்டிக்கு மூச்சில்லை. ஆகவே பதிவில் ஒலிக்கும் மந்திரம் செபம் ஆகாது. அங்கே உச்சரிப்பவர் யாரும் இல்லை. பெட்டியில் திருவாசகம் ஓடுவதே வழிபாடு என்று எண்ணி வேறு வேலை பார்ப்பவருக்கு இது கசக்கலாம். என்றாலும் கருவிக்கு இடமே இல்லை என்று ஆகிவிடாது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்ற நான்கில் முதலாவது கேட்டல். அந்தப் படிவரைக்கும் கருவி துணை வரும். மற்ற மூன்றும் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

கருவி இசையை முழுவதும் தாங்குமா என்ற கேள்வியைச் சேக்கிழார் ஒரு நிகழ்ச்சியாகவே வைத்திருக்கிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்துவந்தவர். தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், யாழால்தான் பதிகங்களுக்குப் புகழ் என்னும்படி பேசினர். வருந்திய பாணர், யாழில் அடங்காத பாட்டு ஒன்றைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். பாடப்பட்டது. யாழ் தோற்றது. அதை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தர் தடுத்து, யாழைக் கையில் வாங்கி, இறைவன் பெருமை இக்கருவிக்குள் அடங்குவதன்று, இதில் வந்த அளவுக்கு வாசியும் என்று திரும்பக் கொடுத்தார். யாழ்முரி என்னும் பெயர் இன்றும் அந்தப் பதிகத்துக்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது யாழின் தோல்வி அல்ல, அதற்குப் பின் நடந்தது. யாழ் உடைக்கப்படவுமில்லை, பெரிய யாழ் தேடப்படவுமில்லை. அளவுபட்ட கருவியோடே பாணர் தொண்டைத் தொடர்ந்தார். ஒரு குறையைக் கண்டவுடன் ஆம்பிளிபயரை மாற்றி, அடுத்த குறைக்கு ஸ்பீக்கரை மாற்றி, மாற்றிக்கொண்டே போகும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறில்லை. திருநெல்வேலிக்குச் சம்பந்தர் சாதாரிப் பண்ணில் பதிகம் பாடியிருக்கிறார். அதை இன்று வீட்டில் கேட்க விரும்புபவருக்கும் வேண்டியது, வந்த அளவுக்கு உண்மையாகத் தரும் கருவிதான்.

வந்த அளவு எவ்வளவு இருந்தால் போதும்? சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் 1921இல் பிறந்து, டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை ஊர்களில் பெரும்பாலோர் கேட்டது இரண்டு வழிகளில்: நேரில், இல்லாவிட்டால் வானொலியில். திருச்சி நிலையம் 1939இலும் திருநெல்வேலி நிலையம் 1963இலும் தொடங்கின. மத்திய அலை ஒலிபரப்பில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். காது கேட்கக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ்வரையான பரப்பில் கால் பங்குதான் மிச்சம். அப்படியிருந்தும் அந்த வாசிப்பு மக்களை உலுக்கியது. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தபின் ‘சிங்காரவேலனே தேவா’ பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்ட அந்த நாகசுரம், டீக்கடை ரேடியோவின் ஒற்றை ஸ்பீக்கரிலும் உயிரோடுதான் ஒலித்தது. எந்தக் கமகமும் அங்கே தொலையவில்லை. கமகம் வாழ்வது நடுத்தர அதிர்வுப் பரப்பில். சுரம் சுரத்தோடு கொள்ளும் உறவும், அது வளையும் நேரமும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன.

தம்பூராவில் இது இன்னும் வியப்பாக நடக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் மந்தர சட்ஜத் தந்தியின் அதிர்வு ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல ஸ்பீக்கர் அந்த அதிர்வைப் பெயரளவுக்குத்தான் தரும். எனினும் கேட்பவருக்கு மந்தர சட்ஜம் கேட்கிறது. 130, 195, 260 என்று மேலே அடுக்காக வரும் கிளை அதிர்வுகளைப் பெற்ற செவியும் மூளையும், அவற்றுக்குப் பொதுவான அடித்தளத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. அடித்தளத்தையும் சேர்த்து எண்ணினால் அந்த அடுக்கில் ஐந்தாவதாக வருவதுதான் தம்பூராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம். காற்றில் அநேகமாக இல்லாத சுரம் கேட்பவரிடம் முழுமையாக இருக்கிறது. தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே நேரான விடை. இசை கேட்பவரிடம் நிறைவேறுகிறது. ஆனால் நிறைவேறுவதற்கு வேண்டிய விகிதங்கள் கெடாமல் வந்து சேர வேண்டும். அந்த விகிதங்களைக் காப்பது அதிகச் செலவு பிடிக்கும் வேலை அல்ல. ஒலிப்பரப்பின் இரு ஓரங்களை எட்டுவதற்கும், பெரிய கூடத்தை நிறைப்பதற்கும்தான் பணம் கரைகிறது.

விகிதம் கெடவில்லை என்று எப்படி அறிவது? சித்தாந்தத்தின் அளவை இயல் இங்கே நேரடியாக உதவும். சிவஞான சித்தியார் காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்று பிரிக்கிறது. செவி ஒலியைப் பற்றுவது வாயிற்காட்சி. மனம் அதை இன்னதென்று துணிவது மானதம். அதனால் உண்டாகும் இன்ப துன்பத்தை உயிர் அறிவது தன்வேதனை. கடையில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒரே ஸ்பீக்கரை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் சத்தம் கூடியதாகத் தெரியாது, தரம் கூடியதாகத் தெரியும். இதுவே அளவை நூலார் சொன்ன திரிபு. ஆகவே இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கச் சொல்ல வேண்டும். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது இன்னும் நல்லது. உரை அளவை ஆப்தர் (நம்பத்தக்கவர்) வாக்கு என்றால்தான் செல்லும். பெட்டியின்மேல் அச்சிட்ட "2000 வாட்ஸ் பிஎம்பிஓ" ஆப்தர் வாக்கு அல்ல. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன்வேதனையைச் சோதிக்கக் காலம் வேண்டும். நாகசுர ஆலாபனை ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டால், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ்வரை துருத்திக்கொண்டு நிற்கும் ஸ்பீக்கர் காதைச் சலிக்க வைத்துவிடும். காது மிகக் கூர்மையாக இருப்பது அந்தப் பரப்பில்தான். நிறுத்தத் தோன்றாத பெட்டியே வாங்கத் தக்கது.

இனிச் செலவு. கையில் 20,000 ரூபாய் இருந்தால் 12,000 ரூபாய்க்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கே போக வேண்டும். மின்சாரத்தை அசைவாக மாற்றும் இடம் அது; தொடரில் பிழை மிகுதியாக நேர்வதும் அங்கேதான். சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒன்று, பெரிய பெட்டியும் சப்வூஃபரும் கொண்ட ஐந்து ஸ்பீக்கர் தொகுப்பைவிடப் பெரும்பாலும் மேலானது. அதே பணம் ஐந்தாகப் பிரிவதில்லை என்பதே காரணம்.

கீழ்ச்சுரத்தைச் சோதிக்க இந்த வட்டாரத்தின் வில்லுப்பாட்டுக் குடத்தை நினைத்துக்கொள்ளலாம். சுடலைமாடன் கொடையில் குடத்தின் வாயைக் கமுகம்பாளைப் பத்தியால் அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வில் மூச்சுவிடுகிறது. அந்தக் குடத்துக்கு அந்த ஒரு சுரமே உரியது, அழகும் அதுவே. ஸ்பீக்கர் பெட்டியின் முன்னாலோ பின்னாலோ இருக்கும் துளைக்குழாயும் இதே விதியில்தான் வேலை செய்கிறது. மலிவான பெட்டிகளில் துளையை மிகைப்படுத்தி ஒரே சுரத்தில் முழங்க விடுவார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி வைக்கும் இடத்தைப் போட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கும்கி கீழிருந்து மேலே வழுக்கி ஏற வேண்டும். வழுக்காமல் எல்லா அடியும் ஒரே "தும்" ஆக விழுந்தால், கேட்பது மிருதங்கம் அல்ல, குடம்.

ஆம்பிளிபயருக்கு அதிக வாட் தேடி அலைய வேண்டியதில்லை. ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 25 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது மூன்று டெசிபல்தான். சிறிய அறையில் நிதானமாகக் கேட்கும்போது சராசரியாக ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. தவிலின் ஓங்கிய அடிக்கு ஒரு கணம் பல மடங்கு தேவைப்படும் என்பதால் நேர்மையான 30 வாட் வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரின் உணர்திறன் 86க்குப் பதில் 89 டெசிபலாக இருந்தால் பாதி வாட்டிலேயே அதே ஒலி வரும். கம்பிக்குச் சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி போதும். மூன்று மீட்டர் தூரத்துக்குப் போக வர அதன் தடை 0.07 ஓம், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கம்பிகளை வாங்குவதற்கு அனுமானத்திலும் இடமில்லை, காட்சியிலும் இல்லை. செல்போனில் இருக்கும் பாட்டை ஆம்பிளிபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்ற ஒரு சிறிய டாக் (DAC) போதுமானது. பழைய கச்சேரிப் பதிவுகளில் குறை பதிவிலேயே இருக்கும். அதை எந்த டாக்கும் நீக்காது.

பழைய சாமான் வாங்குவது ஏழைக்கும் எட்டும் நல்ல வழி, ஒரு எச்சரிக்கையோடு. கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையம் நுரைப்பஞ்சாக இருந்தால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் உதிர்ந்துபோயிருக்கும். விரலால் தொட்டால் மாவாகும். ரப்பர் வளையம் நிலைக்கும்.

பலர் மறக்கும் உறுப்பு அறை. சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுத் தரையும் கொண்ட அறையில் ஒலி சுவருக்குச் சுவர் துள்ளும். பத்தமடைக் கோரைப்பாய் அழகாக இருக்கும், ஆனால் ஒலியை அதிகம் உறிஞ்சாது. கனத்த ஜமக்காளம், பஞ்சு மெத்தை, நிறைந்த புத்தக அலமாரி இவை உறிஞ்சும். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் அளவில் தானே முழங்கும். மூலையில் ஒட்டி வைத்த ஸ்பீக்கர் அந்த முழக்கத்தை வளர்க்கும். சுவரைவிட்டு இரண்டடி முன்னே இழுத்து, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு வரும்படி வைத்து, இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், காசில்லாமலே கிடைக்கும் முன்னேற்றம் பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம். இதைச் செய்து பார்க்காமல் கருவியைக் குறை சொல்வது நியாயமல்ல.

விடியற்காலையில் தேவாரம் கேட்பவருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் மற்றவர் உறங்கும் நேரத்தில் ஒலியைத் தாழ்த்தி வைத்தால் கீழ்ச்சுரங்கள் ஒலி குறைந்த அளவைவிட அதிகமாக மங்கிப்போகும். ஃப்ளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டியபடி, தாழ்ந்த ஒலியில் காது கீழ் அதிர்வுகளுக்கு மந்தமாகிவிடுகிறது. பழைய ஆம்பிளிபயர்களில் லவுட்னஸ் பொத்தான் இருப்பது இந்தக் குறையை ஈடுசெய்யத்தான். அதைத் தொடுவதே தூய்மைக்குக் கேடு என்று சொல்லும் ஆடியோ பிரியர்கள் இருக்கிறார்கள். காதின் இயல்பை அறிந்து ஈடுசெய்வது தூய்மைக்கு மாறானதல்ல. பொத்தான் இல்லாத கருவியில் பாஸை இரண்டு மூன்று படி ஏற்றிக்கொள்ளலாம், பகலில் ஒலியைக் கூட்டும்போது பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.